சொல்லாமல் சொல்வது புரியாதபோது: ஆட்டிசமுள்ளவர்களும் வேலையிடமும்

(மூத்த குடியிருப்பாளர்களுக்காக நடைபெற்ற சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



இந்த அறையில் வழக்கமாக நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கீழே விழாமல் பார்த்துக்கொள்வது பற்றியெல்லாம் பேசுவார்கள். இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு, "நாம்தான் ஓய்வு பெற்றுவிட்டோமே, வேலையிடத்தைப் பற்றி நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைத்திருக்கலாம். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

ஆட்டிசமுள்ள இளையர்கள் வேலையில் சேரவும், சேர்ந்த வேலையில் நிலைத்திருக்கவும் உதவுவது என் பணி. பகலில் அவர்களுடன் வேலையிடத்தில் இருப்பேன். மேற்பார்வையாளரிடமும் பேசுவேன். ஆனால் மாலையில் அந்தப் பிள்ளை வீடு திரும்பும்போது கதவைத் திறப்பது பெரும்பாலும் பாட்டிதான். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வந்திருக்க மாட்டார்கள். பிள்ளையின் முகத்தை முதலில் பார்ப்பவர் நீங்கள். "மறுபடியும் வேலையை விட்டுவிட்டானாம்" என்று உறவினர்கள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அதனால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

சில வீடுகளில் நான் கேட்கும் கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பையன் படிப்பில் கெட்டிக்காரன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் நல்ல மதிப்பெண். தேசிய சேவையையும் எப்படியோ முடித்துவிட்டான். ஆனால் வேலைக்குப் போனால் மூன்று மாதம் தாண்டவில்லை. தகுதிகாண் காலம் முடிவதற்குள் "நீ வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வேலை தெரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "பேசத் தெரியவில்லை", "மரியாதை தெரியவில்லை", "மற்றவர்களுடன் ஒத்துப்போகவில்லை" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆட்டிசம் என்பது என்ன

செய்தித்தாளில் மதியிறுக்கம் என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அறிவு குறைவு என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதனால் நான் ஆட்டிசம் என்றே சொல்கிறேன். பிறவியிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்வதால் வருவது இது. ஒட்டிக்கொள்ளும் நோய் கிடையாது, மருந்து கொடுத்து நீக்கக்கூடியதும் கிடையாது. ஆட்டிசமுள்ள சிலர் பேசவே மாட்டார்கள். அவர்களுக்கு நாள் முழுதும் உதவி தேவைப்படும். வேறு சிலர் பட்டம் பெற்று, கணினி நிரல் எழுதி, கணக்குத் தணிக்கை செய்து வாழ்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு.

வளர்ப்பில் குறையா என்று கேட்பீர்கள். இல்லை. 1950களிலும் 60களிலும் மேல்நாட்டு மருத்துவர்கள் சிலரே தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று எழுதினார்கள். அந்தக் கருத்து தவறு என்று பின்னால் தெளிவானது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வெளிவந்த ஒரு கட்டுரையும் தவறானது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீட்டுக்கொண்டது. ஆகவே மருமகள் கர்ப்பமாக இருந்தபோது அதைச் சாப்பிட்டாள், பேரனைத் தொலைக்காட்சி முன் விட்டுவிட்டாள் என்ற பேச்சை வீட்டில் நிறுத்திவிடலாம். அந்தப் பேச்சால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

நாமே எவ்வளவு சுற்றி வளைத்துப் பேசுகிறோம்

வேலையிடத்தில் எங்கே சிக்கல் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நாம் பேசும் தமிழையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்கிறோம். அன்று திரும்பி வரப்போகிறோமா? இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறோம். சாப்பிடவில்லை என்றால் எல்லா நேரமும் சோறு போடப்போகிறோமா? பெண் பார்க்க வந்தவர்கள் "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்றால், பாதி நேரம் அந்த இடத்திலேயே விடை தெரிந்துவிடும். வாயிலிருந்து வரும் சொல் ஒன்று, அதன் பொருள் வேறொன்று. குரல், முகம், இடம், யார் யாரிடம் சொல்கிறார் என்பதையெல்லாம் சேர்த்து ஒரு நொடியில் நாம் கணக்குப் போட்டுவிடுகிறோம். போடுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

ஆட்டிசமுள்ள பலருக்கு அந்தக் கணக்கு தானாக நடப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்காது. ஆனால் பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இதில் சிங்கப்பூர் வேலையிடம் இன்னும் கடினம். இங்கே "கேன்" என்றால் முடியும். "கேன் லா" என்றால் கவலைப்படாதே, முடியும். "கேன் மே?" என்றால் உன்னால் முடியுமா என்ற சந்தேகம். ஒரே சொல்தான், பின்னால் வரும் ஓர் அசையில் எல்லாம் மாறிவிடுகிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெளிநாட்டு ஊழியர் எல்லாரும் அவரவர் பாணியில் ஆங்கிலம் பேசும் இடத்தில் இதை ஈடுகொடுப்பது யாருக்கும் எளிதன்று.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிடங்கில் பொருள்களை எண்ணி அடுக்கும் வேலையில் ஓர் இளைஞர் சேர்ந்தார். வேலை சுத்தமாக இருக்கும். ஒருநாள் காலையில் மேற்பார்வையாளர், "உனக்கு நேரம் கிடைக்கும்போது அந்தக் காலிப் பெட்டிகளை எடுத்துவிடு" என்றார். மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் பெட்டிகள் அங்கேயே இருக்கின்றன. மேற்பார்வையாளருக்குக் கோபம். இளைஞருக்கோ ஒன்றும் புரியவில்லை. அவருக்கு நேரமே கிடைக்கவில்லை! ஒரு பட்டியல் முடிந்தால் அடுத்த பட்டியல் வந்துகொண்டே இருந்தது. நேரம் கிடைக்கும்போது செய் என்றார்கள், கிடைக்கவில்லை, செய்யவில்லை. மேற்பார்வையாளரின் மனத்தில் அதன் பொருள் "இன்றைக்குள் செய்" என்பது. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறி இல்லை.

பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அடுத்த நாளிலிருந்து மேற்பார்வையாளர், "மதியம் 2 மணிக்குப் பட்டியலை நிறுத்து. மூன்றாம் அடுக்கில் இருக்கும் காலிப் பெட்டிகளைப் பின்வாசலில் வை. பிறகு பட்டியலைத் தொடரு" என்று சொல்லத் தொடங்கினார். சொல்ல அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்த இளைஞர் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். இப்படிச் சொல்வது மற்ற ஊழியர்களுக்கும் வசதியாக இருக்கிறது என்று மேற்பார்வையாளரே பிறகு சொன்னார்.

பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமும் ஆட்டிசமுள்ளவர், 2012இல் ஒரு கருத்தை எழுதினார். ஆட்டிசமுள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று மட்டுமே இதுவரை பேசினோம். மற்றவர்களும் ஆட்டிசமுள்ளவரைப் புரிந்துகொள்வதில்லையே, குறை இரு பக்கத்திலும் இருக்கிறது என்றார். கிடங்கில் நடந்தது அதுதான். நம் பிள்ளை மட்டும் மாற வேண்டும் என்று வற்புறுத்தினால் பாதி வேலைதான் நடக்கும்.

மரியாதை என்ற கேள்வி

பெரியவர்களுக்கு மனம் நோவது இந்த இடத்தில்தான். ஓர் அலுவலகத்தில் ஒரு பெண், கூட்டத்தில் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே, "நீங்கள் சொன்ன எண் தவறு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். எண் தவறுதான். ஆனால் மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம், "நான் இப்படியா வளர்த்தேன்?" என்று வருந்தினார். அவர் பார்வையில் அது மரியாதைக் குறைவு. அந்தப் பெண்ணின் பார்வையில், தவறு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நேர்மைக் குறைவு.

"கூட்டத்தில் பேசாதே" என்று மட்டும் சொன்னால் அவருக்கு உதவாது. ஏன், எப்போது, எப்படி என்று வேண்டும். திருத்தம் இருந்தால் கூட்டம் முடிந்தபின் மேலாளருக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்புவது, யாருக்காவது ஆபத்து வரும் விஷயமானால் மட்டும் உடனே சொல்வது என்று முடிவு செய்தோம். அந்தப் பெண் கேட்டார்: "வாடிக்கையாளர் தவறான எண்ணுடன் வீட்டுக்குப் போய்விட்டால்?" நல்ல கேள்வி! அதனால் ஒரு சிறு தாளில் எழுதி மேலாளர் பக்கம் நகர்த்தலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். இப்போது மேலாளர் கூட்டத்துக்கு முன்னால் தம் கணக்கை அவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்.

கண்ணைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று. இது வேடிக்கைதான். நம் காலத்தில் பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினால் "என்ன முறைக்கிறாய்?" என்று திட்டு விழும். இன்றைய நேர்முகத் தேர்வில் கண்ணைப் பார்க்கவில்லையென்றால் நம்பிக்கை இல்லாதவர் என்கிறார்கள். ஆட்டிசமுள்ள பலருக்குக் கண்ணைப் பார்ப்பதும் காதால் கேட்பதும் ஒரே நேரத்தில் முடியாது. ஒன்றைச் செய்தால் மற்றது போய்விடும். "நான் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நோட்டைப் பார்த்தால் போதும். யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் ஒத்திகை

வேலையிடத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை நான் எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கிறேன். இது எப்போது முடிய வேண்டும்? என்னிடம் இரண்டு வேலை இருந்தால் எதை முதலில் செய்வது? முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும், ஒரு மாதிரி காட்ட முடியுமா? வேலை கொடுத்தவர் போனபின், தாம் புரிந்துகொண்டதை இரண்டு வரியில் எழுதி அவருக்கே அனுப்பிவிட வேண்டும். "5 மணிக்குள் முதல் 20 கோப்புகள், சரியா?" என்று. தவறாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகளை வீட்டில் பழக்கப்படுத்தலாம். எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா, முன்பு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனிடம் மேலாளராக நடிப்பார். வேண்டுமென்றே அரைகுறையாக ஒரு வேலை சொல்வார். பேரன் கேள்வி கேட்டால்தான் மீதியைச் சொல்வார். பழைய மிடுக்கு இன்னும் போகவில்லை என்று பாட்டி சிரிப்பார். பேரனுக்கு அந்தக் கேள்விகள் வாயில் பழகிவிட்டன.

எழுதப்படாத விதிகளையும் எழுதிக்கொடுங்கள். ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்தகத்துக்குப் போய் இரண்டு நாள் எம்சி வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. எம்சி கொடுத்தாயிற்று, அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சொல்லாமல் இரண்டு நாள் வராததால் வேலை போகும் நிலைமை. இப்போது அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: உடம்பு சரியில்லையென்றால் காலை 8 மணிக்குள் யாருக்குச் செய்தி, என்ன சொல் எழுத வேண்டும், எம்சியைப் படமெடுத்து எங்கே அனுப்ப வேண்டும். பாட்டிதான் தினமும் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

வீடு திரும்பியதும்

நாள் முழுதும் மற்றவர்களைப்போல் நடந்துகொள்ள முயல்வது பெரிய உழைப்பு. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும். கை அசைவை அடக்க வேண்டும். குளிர்சாதன இரைச்சல், வெள்ளை விளக்கு, பக்கத்து மேசைக்காரரின் தொலைபேசி, மதியம் உணவங்காடி நிலையத்தின் சத்தம், இவையெல்லாம் நமக்குப் பின்னணியில் போய்விடும். ஆட்டிசமுள்ள சிலருக்கு எல்லாமே முன்னால் வந்து நிற்கும். வீட்டுக்குள் நுழையும்போது பேச ஒரு சொல்கூட மிச்சமிருக்காது.

அந்த நேரத்தில் "இன்றைக்கு என்ன நடந்தது? மேலாளர் என்ன சொன்னார்? ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்காதீர்கள். அவருக்குக் கோபமில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அறையில் தனியாக இருக்க விடுங்கள். பேச வேண்டுமென்றால் இரவில் பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசும்போது பல பிள்ளைகளுக்கு வார்த்தை வரும். தீபாவளிக்குக் கூடும்போது "என்ன வேலை, எவ்வளவு சம்பளம், உன் தம்பியைப் பார்" என்று யாராவது தொடங்கினால், பேச்சை வேறு பக்கம் திருப்பும் உரிமை வீட்டில் மூத்தவருக்குத்தான் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

ஆட்டிசமுள்ள வயது வந்தவர்களிடையே மனப்பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போவது, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாந்தி வருவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். "இருந்து என்ன பயன்" என்பதுபோல் பேசினால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1771, எஸ்ஓஎஸ் எண் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

உதவி எங்கே

எஸ்ஜி எனேபல் அமைப்பு 2013இல் தொடங்கப்பட்டது. உடற்குறையுள்ளோருக்கான வேலைவாய்ப்பு உதவியை அது ஒருங்கிணைக்கிறது. ரெட்ஹில் எம்ஆர்டிக்கு அருகே லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில் அதைக் காணலாம். ஆட்டிச வள நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. பாத்லைட் பள்ளியை நடத்துவதும் அதுதான். வேலைக்குத் தயார்செய்வதற்கும் வேலையிடத்தில் துணைநிற்பதற்கும் அதனிடம் தனிப் பிரிவு உண்டு. வேலையை மாற்றியமைக்கவும் பயிற்சி கொடுக்கவும் முதலாளிகளுக்கு அரசாங்க மானியமும் இருக்கிறது. பல சிறு முதலாளிகளுக்கு இது தெரிவதில்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. உடற்குறையைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆட்டிசமும் அதில் அடங்கும். 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

ஆனால் முதலாளியிடம் தமக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. சொன்னால் உதவி கேட்பது எளிது. சொல்லத் தயக்கமானால், அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமலேயே, "எனக்கு வேலையை எழுத்தில் கொடுத்தால் நன்றாகச் செய்வேன்" என்று கேட்கலாம். தயவுசெய்து பாட்டியோ தாத்தாவோ மேலாளருக்குத் தொலைபேசியில் பேசாதீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், ஆனால் 25 வயதுப் பிள்ளையை அலுவலகத்தில் குழந்தையாக்கிவிடும்.

கேள்வி நேரம்

ஓர் ஐயா கேட்டார்: "நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் என்னைப் பற்றியே சொல்வதுபோல் இருக்கிறது. எனக்கு 71 வயது. 40 வருடம் வரைபடம் போடும் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு யாருடனும் போனதில்லை."

ஐயா, இருக்கலாம். உங்கள் இளமைக் காலத்தில் இங்கே யாரும் பரிசோதிக்கவில்லை. "அவர் ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அளவும் கோடும் தெளிவாக இருக்கும் வேலை உங்களுக்கு அமைந்தது நல்லது. உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தேவையில்லை என்று தோன்றினால் விட்டுவிடலாம். ஆனால் அந்த மதிய நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை உங்கள் பேரனிடம் சொல்லுங்கள். என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஓர் அம்மா கேட்டார்: "ஏம்மா, என் பேரன் நாளைக்கே வேலையை விடுகிறேன் என்கிறான். விடச் சொல்வதா, இருக்கச் சொல்வதா?"

அம்மா, இன்று இரவு இரண்டையும் சொல்லாதீர்கள். வேலையில் எது தாங்க முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். "எல்லாமே" என்பார். ஒரு நாளின் மணிக்கணக்கை எழுதச் சொல்லுங்கள்: 9 மணி, 10 மணி, 11 மணி. எந்த மணியில் மோசம் என்று அவரே குறிக்கட்டும். பல நேரம் ஒரு மணி நேரமோ ஓர் ஆளோ ஓர் இடமோதான் மாட்டும். மேசையை மாற்றினாலே தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லா மணியிலும் குறி இருந்தால், உடம்பும் கெட்டுக்கொண்டே போனால், விடுவதுதான் சரி. அப்போதும் ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்து, கடிதம் கொடுத்து முறையாக வெளியே வரட்டும். அடுத்த வேலைக்கு அது உதவும். அந்த மணிக்கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு இருவருமாக என்னிடம் வாருங்கள்.

மூன்று கேள்விகளும் எம்சி தாளின் மாதிரியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். எழுத்து பெரியதாகவே இருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.